புறமுதுகு காட்டாத அலுவலகம்

குடிநீர் அலுவலகத்தில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாமே நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பதில் இயக்குநர் கறாரானவர். அவர் ஒரு நாள் மாடிக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கீழ்த்தளத்தை எட்டிப் பார்த்தார். ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்த ஊழியர்கள் அத்தனை பேரும் குனிந்திருந்தார்கள். குனிவதற்குக் காரணம் இருந்தது. கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கென்று வைத்த ஓட்டையை எந்தப் புண்ணியவானோ மேஜையை ஒட்டினாற்போல் வைத்துவிட்டுப் போயிருந்தான். வெளியே நிற்பவர் அதில் வாயை வைத்தால் உள்ளே இருப்பவர் காதை வைத்தாக வேண்டும். கண்ணாடி அறுக்கிறவரைக் கூப்பிட்டால் அரை நாளில் முடிகிற வேலை. இயக்குநர் ஓட்டையைப் பார்க்கவில்லை, முதுகுகளைப் பார்த்தார். நிறுவனமே கூனிப் போய்விட்டது என்று அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

அந்தக் குனிந்த முதுகுகளிலேயே அகலமான முதுகு மூன்றாம் ஜன்னல்காரியுடையது. அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'மூணு' என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து ஜன்னலில் இருந்தவள் 'ரெண்டாம் அக்கா'. மூணு தற்காலிக ஊழியர். தற்காலிகம் என்றால் சும்மா இல்லை, அவள் சேர்ந்தபோது வயிற்றில் இருந்த மகள் இப்போது தானே தலை பின்னிக்கொள்கிறாள். ஒவ்வொரு வருடமும் 'அடுத்த வருடம் நிரந்தரம்' என்று சொல்லுவார்கள். அவள் அதை நம்பித்தான் வாடகை பாக்கிக்கு வீட்டுச் சொந்தக்காரரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

தன் உடம்பைப் பற்றி அவள் அதிகம் யோசித்தது கிடையாது. காலையில் எழுந்திருக்கும், பஸ்ஸில் ஏறும், கோப்புகளைத் தூக்கும், ராத்திரி படுத்தால் தூங்கிவிடும். அதனிடம் வேறென்ன கேட்பது? தோள் கொஞ்சம் பருமன், பின்பக்கம் கொஞ்சம் தாராளம். ஆனால் வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வந்தவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் 'ம்' என்று திரும்புவாள், முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் கையை விடுவாள், கோப்பு மேஜைக்கு வந்துவிடும். அதனாலேயே அவள் ஜன்னலில்தான் கூட்டம் எப்போதும் நெரியும்.

மேலிடம் உடனே ஒரு நிமிர்வு ஆலோசகரை அனுப்பி வைத்தது. தண்ணீர்க் குழாய் மாற்றக் கேட்டால் மேலிடம் பதில் போடாது. இதற்கு மறு வாரமே ஆள் வந்து இறங்கிவிட்டார். ஒல்லியான மனிதர், அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த உடுப்பு. கூட்ட அறையில் எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, ஒரு மனிதன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் முதுகு பேசிவிடுகிறது. உங்கள் முதுகுகளை நான் கேட்டேன். எனக்கு அழுகை வந்தது. உடை என்பது துணி அல்ல, அது ஒழுக்கம். சரியான வெட்டில் ஒரு கோட்டைப் போட்டால் தோள் தானாகப் பின்னால் போகும், மார்பு தானாக முன்னால் வரும், மனசாட்சி தானாக நடுவில் வந்து நிற்கும்."

இயக்குநர் கைதட்டினார். அவர் தட்டினால் எல்லோரும் தட்டுவது அங்கே வழக்கம்.

அதன்பிறகு கூரையில் இருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, கீழே ஒரு இரும்புக் குண்டைக் கட்டினார்கள். கொத்தனார் சுவர் தூக்கும்போது பார்க்கிற தூக்குக்குண்டுதான். ஒவ்வொருவராக அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். கயிற்றை விட்டு உடம்பு எங்கெங்கே விலகுகிறது என்று ஆலோசகர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

மூணின் முறை வந்தது. "இடது தோள் தாழ்வு. வயிறு தன்னிச்சையாக முன்னேற்றம். பின்பக்கம்..." ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "பின்பக்கம் எல்லை மீறல்."

யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. ஆத்திரம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். சொந்த உடம்பைப் பக்கத்து வீட்டுக்காரன் போட்ட வேலி மாதிரி பேசிவிட்டானே என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

"ஏங்க, என் தோளு ஒரு பக்கம் எறங்கியா இருக்கு?" என்று கணவனிடம் கேட்டாள்.

கணவன் சாப்பாட்டு வண்டி ஓட்டுகிறவன். தட்டில் இருந்து தலையைத் தூக்கினான். "இத்தன வருஷமாப் பாக்கறேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீங்க எங்க என்னப் பாத்தீங்க? தட்டத்தான் பாத்தீங்க."

சொன்னாளே தவிர, அன்றைக்குப் பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல் கண்ணாடியில் தன் தோளை அவளே நாலைந்து தடவை பார்த்துக்கொண்டாள். ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது. நேற்று வரை இறங்காதது இன்றைக்கு எப்படி இறங்கிற்று என்று அவளுக்குப் புரியவில்லை.

இனி கோட்டு வந்த கதை. கோட்டைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு பெரிய துணிக்கடைக்குப் போயிற்று. கடை வாசல் கண்ணாடிக்குள் ஒரு பொம்மை நின்றது. பொம்மை மேல் ஒரு சாம்பல் நிறக் கோட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல், வழித்து எடுத்தாற்போல் நின்றது. 'இதுதான்!' என்று இயக்குநர் சொல்லிவிட்டார். கடைக்காரர்கள் எப்போதும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பொம்மை ஒல்லி, கோட்டு தொளதொள. மிஞ்சுகிற துணியை எல்லாம் பின்னால் இழுத்து வரிசையாகக் கிளிப்புப் போட்டுவிடுவார்கள், முன்னால் இருந்து பார்த்தால் ராஜா மாதிரி இருக்கும். பொம்மையின் முதுகு சுவரைப் பார்த்தபடி இருந்தது. குழுவில் எவ்வளவோ படித்தவர்கள் இருந்தார்கள், அந்தப் பொம்மையைத் திருப்பிப் பார்க்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பக்கம் டேப்பு வைத்து அளந்தார்கள். 'முன்னாடி எவ்வளவோ அவ்வளவுதானே பின்னாடியும்' என்று இரண்டால் பெருக்கினார்கள். அந்த அளவில் ஆண், பெண், குட்டை, நெட்டை, பருமன், ஒல்லி எல்லோருக்கும் ஒரே கோட்டு தைக்க உத்தரவு போயிற்று. ஒரே அளவு என்பதுதான் சமத்துவம் என்று சுற்றறிக்கையிலும் போட்டார்கள்.

கோட்டு வந்தது. யாருக்கும் பட்டன் எட்டவில்லை. பொம்மைக்கே பின்னால் பாதித் துணி போயிருந்தது, மனுஷருக்கு எங்கே எட்டும்? உடனே இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. 'கோட்டு எனக்குப் பொருந்தவில்லை' என்று எவரும் சொல்லக்கூடாது. 'நான் இன்னும் கோட்டுக்குப் பொருந்தவில்லை' என்றே சொல்ல வேண்டும். கோட்டைப் பிரிப்பதும் ஒட்டுப் போடுவதும் ஒழுங்கீனம். நிமிர்வு விழா நடக்கும்போது பட்டன் பூட்டியிருப்பவர்களுக்கு மட்டுமே பதவி உயர்வு, சம்பள உயர்வு, தற்காலிகப் பணியாளர்களுக்கு நிரந்தர உத்தரவு.

மூணு கடைசி வார்த்தையை இரண்டு தடவை படித்தாள்.

அன்று முதல் பாதிச் சாப்பாடு, தினமும் சுவரோடு சுவராக நின்று தோளை நேராக்கும் பயிற்சி. வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, கணவன் பின்னால் இருந்து தள்ள, முன்னால் கோட்டின் இரண்டு பக்கமும் சந்தித்துக்கொள்ளப் பார்க்கும், கிட்டே வந்து வேண்டாம் என்று திரும்பிவிடும். அலுவலகத்தில் கோட்டைத் திறந்தபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் ஒரு வாரம் போவதற்குள் மற்றவர்கள் எல்லோரும் பட்டன் பூட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கர் பூட்டிவிட்டார். அவர் வயிறு அவருக்கு முன்னால் நாற்காலியில் உட்காரும் ரகம், அவரே பூட்டிவிட்டார்! மூணுக்கு அழுகையே வந்தது. ஊரில் உள்ள அத்தனை பேர் உடம்பும் சொன்னபடி கேட்கிறது, தன் உடம்புக்கு மட்டும் என்ன திமிர் என்று அதன் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

இதற்கு நடுவில் அலுவலகத்தின் நடை உடை பாவனை எல்லாம் மாறிப்போயிற்று. யாரும் யாருக்கும் முதுகைக் காட்டுவதில்லை. நடைபாதையில் சுவரை ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் போனார்கள். எதிரெதிரே ஒரே சுவரில் இரண்டு பேர் வந்துவிட்டால் இருவரும் அசையாமல் நின்று சிரித்துக்கொண்டே இருப்பார்கள், யாராவது ஒருவர் மனது வைத்து ஏதாவது அறைக்குள் நழுவ வேண்டும். மாடிப்படியில் இறங்குகிறவர்கள் கைப்பிடியை முதுகால் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். இயக்குநர் அறைக்குப் போனவர்கள் வணக்கம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்து வாசலைத் தடவிக் கண்டுபிடித்து வெளியேறினார்கள்.

இயக்குநர் பூரித்துப்போனார். "முன்னாடி எல்லாம் பேசி முடிச்சதும் டக்குனு முதுகக் காட்டிட்டுப் போவானுங்க. இப்பப் பாருங்க, என்ன மரியாதை! எல்லாம் கோட்டு பண்ற வேலை" என்று ஆலோசகரிடம் சொன்னார். சொல்லும்போது அவரும் சுவரில் சாய்ந்துதான் நின்றிருந்தார்.

விஷயம் மூணுக்குக் கழிவறையில் தெரிந்தது. முகம் கழுவப் போனவள் ரெண்டாம் அக்காவைக் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். முன்னால் இருந்து பார்த்தால் பொம்மை. பின்னால் கழுத்துப்பட்டைக்குக் கீழே இருந்து அடி வரை கோட்டைக் கத்திரிக்கோலால் கிழித்து, குறுக்கே நாலு நாடா போட்டுக் கட்டியிருந்தது. நடுவில் ரவிக்கையும் முதுகும் கோட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் தெரிந்தன.

"அக்கா!"

"கத்தாதடி. கதவச் சாத்து."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டுமா? கணக்கர் பாதித் துணிய வெட்டியே எறிஞ்சுட்டார்டி. காத்தாட இருக்குங்கறார்."

"மேல இருக்கறவரு?"

"ஏன், அவரு என்ன கடைப் பொம்மையா? நீ ஒருத்திதான் இன்னும் பட்டினி கெடந்து சாகற. போ, போயிக் கிழிச்சுக்கோ."

மூணு கிழிக்கவில்லை. ஒழுங்கு ஒழுக்கம் எல்லாம் காரணம் இல்லை. கிழித்தால் திரும்ப முடியாது, திரும்பாமல் எப்படிக் கோப்பு எடுப்பது? பின்னால் அலமாரி, முன்னால் சனங்கள். மற்ற ஜன்னல்களில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கோப்பை எடுப்பதே இல்லை. 'பரிசீலனையில இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். கோப்பு திறக்காததால் புகார் பதிவாகவில்லை. புகார் பதிவாகாததால் புகார்கள் குறைந்துவிட்டன. இதை ஆலோசகர் ஒரு படமாக வரைந்து வாசலில் மாட்டிவைத்தார், கோடு மலையில் இருந்து உருண்டு விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சனங்கள் காலிக் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மகள் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பெல்ட்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"என்னடி பண்ற?"

"நேரா இருக்கனாம்மா?"

"யாரு ஒன்ன இப்படி நிக்கச் சொன்னா?"

"நீதான தெனமும் நிக்கற. என் தோளு கூட ஒரு பக்கம் எறங்குதும்மா. பையத் தூக்கறனால. வயிறும் முன்னாடி வருது. பாரு."

அங்கே வயிறு என்று ஒன்றும் இல்லை. மூணு பெல்ட்டை அவிழ்த்தாள். தோலில் சிவப்பாக ஒரு வரி பதிந்திருந்தது. தூக்குக்குண்டைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் தொங்கவிட்டு விட்டோமே என்று பதறினாள். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒரு குறையும் இல்லடி தங்கம், அந்தக் கோட்டுக்குத்தான் குறை" என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே பட்டது.

மறுநாள் கோட்டைத் தெருமுனைத் தையற்காரரிடம் கொண்டுபோனாள். அவர் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே புரட்டிப் பார்த்தார். "இது யாருக்குத் தைச்சது? முன்னாடி ஒடம்பு இருக்கு, பின்னாடி ஒடம்பே இல்ல."

"எனக்குத்தாங்க."

"உங்களுக்குன்னா உங்கள ஒரு தடவையாவது பாத்துட்டுத் தைச்சிருக்கலாம்ல?" என்று அலுத்துக்கொண்டார். பின்னால் பிரித்து, அதே சாம்பல் நிறத்தில் ஒரு அகலத் துணியைச் சேர்த்து, இடது தோளுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கொடுத்தார்.

பட்டன் பூட்டிற்று. மூச்சு வந்தது. அவள் கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், குனிந்தாள், கையைத் தூக்கினாள். இத்தனை நாளும் தன் உடம்போடு போட்ட சண்டை எல்லாம் வெறும் துணிக்காகத்தானா என்று சிரிப்பு வந்தது. அன்றைக்கு அலுவலகத்தில் பெயரைச் சொல்லச் சொல்லத் திரும்பித் திரும்பிக் கோப்பு எடுத்தாள். மற்ற ஜன்னல் வரிசைகள் எல்லாம் கலைந்து அவள் ஜன்னலுக்கு வந்தன. ரெண்டாம் அக்கா, "ஏண்டி இப்படி ஆடற?" என்று கேட்டாள். மூணு சிரித்துக்கொண்டாள்.

நிமிர்வு விழா வந்தது. கூட்ட அறையில் நாற்காலிகள் நடுவில் காலியாகக் கிடந்தன. ஊழியர்கள் நாலு சுவரையும் ஒட்டி நின்றார்கள். மேடையில் இயக்குநர் திரைச்சீலையில் முதுகை அழுத்திக்கொண்டு பேசினார்.

"போர்க்களத்தில் புறமுதுகு காட்டாதவனையே நம் முன்னோர் வீரன் என்றார்கள். இன்று இந்த அலுவலகத்தில் அப்படிப்பட்டவர்களை நான் காண்கிறேன். மேலதிகாரிக்கு முதுகைக் காட்டாத ஊழியர்கள்! பொதுமக்களுக்கு முதுகைக் காட்டாத ஊழியர்கள்! தண்ணீர் இன்று வரும், நாளை போகும். நிமிர்வு நிலைத்து நிற்கும்."

கைதட்டலில் ஆலோசகருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. பாவம், உள்விஷயம் தெரியாதவர், அவருடைய கோட்டு அவருக்கே தைத்தது. ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "இப்போது எல்லோரும் திரும்பி நில்லுங்கள், முதுகின் நேர்மையைப் பார்க்கலாம்!" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. கணக்கர் சுவருக்குள் போய்விடப் பார்த்தார். மூணு ஒருத்திதான் திரும்பினாள். அவளுக்கென்ன பயம், அவள் முதுகு மூடியிருந்தது.

"ஏன் மற்றவர்கள் தயங்குகிறீர்கள்? ஐயா, நீங்களே முன்மாதிரியாக..." என்று ஆலோசகர் இயக்குநரின் தோளைப் பிடித்துச் செல்லமாகத் திருப்பிவிட்டார்.

இயக்குநரின் கோட்டு பின்னால் இரண்டாகப் பிளந்து, ஊக்கு ஒன்றில் தொங்கியது. நடுவில் வேர்த்து நனைந்த பனியன். மேடை மின்விசிறி இரண்டு பாதியையும் தூக்கி ஆட்டியது. ஆனால் மனுஷன் சும்மா இயக்குநர் ஆகிவிடவில்லை. திரும்பி நின்றபடியே தொண்டையைச் செருமினார்.

"இதைத்தான் இன்று அறிவிக்க இருந்தேன். திறந்த முதுகு! வெளிப்படையான நிர்வாகத்தின் அடையாளம். இனி இதுவே நம் உடை."

"முதுகும் மூச்சு விட வேண்டும் என்பதுதான் ஆரம்பத்தில் இருந்தே என் கொள்கை" என்றார் ஆலோசகர், கண் இமைக்காமல்.

அறை முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நாடா, ஊக்கு, சணல், காகிதக் கிளிப்பு என்று முதுகு முதுகாகத் தெரிந்தது. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் தட்டிக்கூடக் கொடுத்தார்கள். கணக்கர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பொதுமக்கள் பாத்தா?"

"வெளிப்படை என்பது நம் உள்விவகாரம்" என்றார் இயக்குநர். "அதை வெளியே காட்டக்கூடாது. பொதுமக்கள் முன்னால் யாரும் திரும்பக்கூடாது."

உத்தரவுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூணின் பெயர் வந்தது. அவள் மேடை ஏறியபோதுதான் இயக்குநர் அவள் முதுகைப் பார்த்தார். முகம் சுருங்கிற்று.

"என்னம்மா இது? மூடியிருக்கு?"

"எனக்குச் சரியா இருக்குங்க ஐயா."

"சரியா இருக்கறதுதாம்மா பிரச்சினை. இத்தன பேர் தெறந்து வச்சிருக்காங்க. நீ மட்டும் எதையோ மறைக்கற."

"மறைக்க என்னங்க இருக்கு? முதுகுதான் இருக்கு. திரும்பிக் கோப்பு எடுக்கணும்ல, அதுக்குத்தான்..."

"ஒழுங்கீனமா ஒட்டுப் போட்டிருக்க. இருந்தாலும் நான் கல் நெஞ்சுக்காரன் இல்ல." தாம்பாளத்தில் நாடா வெட்டுவதற்காக வைத்திருந்த கத்திரிக்கோலை எடுத்து ஒரு பக்கம் வைத்தார். நிரந்தர உத்தரவை இன்னொரு பக்கம் வைத்தார். "நீயே முடிவு பண்ணும்மா. நான் வற்புறுத்தல."

அவளுக்கு எல்லோர் மேலும் எரிச்சல் வந்தது. இயக்குநர் மேல், ஆலோசகர் மேல், வேடிக்கை பார்க்கும் கணக்கர் மேல், வீட்டுச் சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்த தன் வாய் மேல். 'போங்கடா நீங்களும் உங்கள் உத்தரவும்' என்று தொண்டை வரை வந்தது. மகளின் பள்ளிக்கூடச் சம்பளம் நினைவுக்கு வந்தது, வந்தது உள்ளேயே போயிற்று. அவள் உத்தரவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெண்டாம் அக்கா பின்னால் வந்து, "நில்லுடி, வலிக்காது" என்று காதோரம் சொல்லிவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்தாள். துணி கிழிகிற சத்தம் கழுத்தில் இருந்து இடுப்பு வரை இறங்கிற்று. அவள் முதுகில் மின்விசிறிக் காற்று பட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டில் அன்று உத்தரவைப் பார்த்துக் கணவன் சந்தோஷப்பட்டான். மகள் அதை மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். கோட்டை மூணு மடித்து, முன்பக்கம் தெரியும்படி வைத்தாள்.

மறுநாள் காலை ஜன்னல் திறந்ததும் முதலில் வந்தது இதுவரை பார்த்திராத ஒரு பெரியவர். குழாய்க் கோப்பு என்றார், பெயரைச் சொன்னார். அவள் கை தானாக எழுந்தது. அப்படியே நிறுத்தி மேஜை மேல் வைத்துக்கொண்டாள்.

"பரிசீலனையில இருக்குங்க ஐயா."

"இல்லம்மா, அதோ இருக்கு. உங்க தோளுக்குப் பின்னாடி. பச்சை அட்டை. என் பேரே தெரியுது பாருங்க."

"நாளைக்கு வாங்க."

"எட்டி எடுத்தா வந்துரும்மா. வீட்டுல குடிக்கத் தண்ணி இல்ல. சும்மா ஒரு தடவ திரும்புங்க."

அவள் நாற்காலியில் முதுகை அழுத்திக்கொண்டாள். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வந்தா திரும்புவீங்களா?"

அவள் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில், மார்பு முன்னால், தலை நேராக, கயிற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தாலும் ஒரு நூல் விலகாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.